நாய்ச் சொறிக்குப் பழைய ஆயில் மருந்தல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் வாசகர் குறிப்புகள் பகுதியில் சில வாரங்களுக்கு முன்பு, வளர்ப்பு நாய்க்குச் சொறி பிடித்தால் வண்டியிலிருந்து இறக்கிய பழைய ஆயிலை உடம்பு முழுவதும் பூசி மூன்று நாள் கட்டிப்போட்டால் குணமாகிவிடும் என்று ஒரு குறிப்பு வெளிவந்திருந்தது. எழுதியவர் நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை. எங்கள் பக்கத்திலும் நெடுநாளாகச் சொல்லப்பட்டு வரும் வைத்தியம்தான் அது. ஆனால் வாய்ப்பேச்சாக இருந்தது அச்சில் வந்துவிட்டால் அதை நம்புகிறவர்கள் கூடிவிடுகிறார்கள். அந்தக் குறிப்பு வந்த மறுவாரமே, கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குக் கீழே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்கு இறங்கும் படிக்கட்டில், தலை முதல் வால் வரை கறுப்பாகப் பிசுபிசுத்த ஒரு நாயைப் பார்த்தேன். மாலை நான்கு மணிக்கே மூடுபனி இறங்கிவிட்ட நாள் அது. மயிரெல்லாம் எண்ணெயில் ஊறி உடம்போடு ஒட்டிக்கொண்டதால் குளிரைத் தாங்க அதற்கு எதுவும் மிஞ்சவில்லை. நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டு விலாவை விடாமல் நக்கிக்கொண்டிருந்தது. நக்கிய இடத்தில் மட்டும் ஆயில் விலகி, அடியில் சிவந்து வெடித்த தோல் தெரிந்தது. விலகிய ஆயில் அதன் வயிற்றுக்குள் போயிருந்தது.

எஞ்சினில் ஓடிக் கழிந்த எண்ணெயில் உலோகத் துகள்களும் எரிபொருளின் கசடும் கலந்திருக்கின்றன. நாய் அதை நக்கினால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். வாந்தி எடுக்கும்போது சிறிதளவு மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிட்டால் நுரையீரல் வெந்துபோனதுபோல் ஆகி நிமோனியாவில் கொண்டுபோய் விடும். மண்ணெண்ணெய், டர்பன்டைன், பினாயில் ஆகியவற்றைப் பூசுவதும் இதற்குச் சற்றும் குறைந்த கொடுமை அல்ல. பினாயில் பட்ட தோல் சில நேரங்களில் தீப்பட்டதுபோல் உரிந்துவிடும். ஏற்கெனவே பூசிவிட்டவர்கள் பாத்திரம் துலக்கும் திரவ சோப்பையும் வெதுவெதுப்பான நீரையும் கொண்டு இரண்டு மூன்று முறை கழுவி, நன்றாகத் துவட்டி, நாயைச் சூடான இடத்தில் வைக்க வேண்டும். உள்ளே போனதை வெளியேற்றுவதாக நினைத்து உப்பு நீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. அந்த நாயை அன்று மாலை எங்கள் வீட்டுக் கொல்லையில் வைத்துக் கழுவினோம். நான்காவது முறை ஊற்றிய நீர்தான் ஓரளவு தெளிவாக ஓடியது.

மற்றவரைக் குறை சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. பள்ளியில் பல ஆண்டுகள் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்ற நானே, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் நாய்க்கு இதைவிடப் பெரிய தவறு ஒன்றைச் செய்தேன். ஆடி மாதத்துச் சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்த நாட்களில், செவலை என்று நாங்கள் அழைக்கும் அந்த நாட்டு நாய் காதைச் சொறியத் தொடங்கியது. பகலில் அவ்வளவாகத் தெரியாது. இரவில் சாக்குப் படுக்கையில் சுருண்டு உடம்பு சூடேறியதும், பின்னங்கால் பலகையில் மோதும் சத்தம் விடிய விடியக் கேட்கும். அருகிலுள்ள கடைத்தெருவில் ஒரு மருந்துக் கடையில் நிலைமையைச் சொன்னேன். நாயை அழைத்துப் போகவும் இல்லை. கடைக்காரர் சிறிய வெள்ளை மாத்திரைகளைத் தாளில் மடித்துக் கொடுத்தார். இரண்டே நாளில் அரிப்பு நின்றுவிட்டது. எனக்கு ஏற்பட்ட நிம்மதியில், அது என்ன மாத்திரை என்று கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

மாத்திரை தீர்ந்து ஒரு வாரத்துக்குள் அரிப்பு முன்னைவிடப் பல மடங்காகத் திரும்பி வந்தது. காதின் விளிம்பில் தவிடு அப்பியதுபோல் பொருக்கு கட்டியது; முழங்கைகளிலும் அடிவயிற்றிலும் மயிர் உதிர்ந்து தோல் யானைத்தோல்போல் தடித்தது. அதற்கடுத்த சில நாட்களில் பேரனின் முன்கையிலும் இடுப்பிலும் சிவந்த புள்ளிகள் கிளம்பின. நாயைக் கொண்டுபோய்க் கட்டபெட்டு சாலையில் எங்காவது விட்டுவிட்டு வாருங்கள் என்று உறவினர்கள் சொன்னார்கள். அதற்கு மனம் வராமல்தான் கால்நடை மருத்துவரிடம் போனேன்.

அந்த மருத்துவர் முதலில் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. செவலையின் காது மடலின் விளிம்பை இரு விரல்களுக்கு இடையில் பிடித்து, துணியைக் கசக்குவதுபோல் மெல்லத் தேய்த்தார். உடனே அதே பக்கத்துப் பின்னங்கால் தானாகக் காற்றில் சொறியத் தொடங்கியது. “இந்தக் கால் ஆடுவதே பாதி விடை சொல்லிவிடுகிறது, டீச்சர்” என்றார். பிறகு முழங்கையில் ஒரு சொட்டு லிக்விட் பாரபின் எண்ணெய் விட்டு, முனை மழுங்கிய பிளேடால், ரத்தம் லேசாகக் கசியும் வரை தோலைச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் பரப்பி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னார். அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த ஓர் உயிர். உருண்டை உடம்பு, அதில் முளைவிட்டாற்போல் எட்டுக் குட்டைக் கால்கள், அருகே நீள்வட்டமாக இரண்டு முட்டைகள். எண்ணெயில் அது மிக மெதுவாகக் காலை அசைத்துக்கொண்டிருந்தது. மனிதருக்கு வரும் சிரங்குக்கு இப்படியொரு பூச்சியே காரணம் என்று இத்தாலிய மருத்துவர் போனோமோ 1687இல் எழுதியதை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். என் வீட்டு நாயின் தோலில் அதன் இனத்தைக் கண்ணால் கண்டது அன்றுதான்.

சார்க்கோப்டிஸ் என்ற இந்தச் சிற்றுண்ணியின் பெண், தோலின் மேலடுக்கைக் குடைந்து சுரங்கம் அமைத்துக்கொண்டே முட்டையிட்டுப் போகும். முட்டை சில நாட்களில் பொரித்து, மீண்டும் முட்டையிடும் பருவத்தை அடைய ஏறக்குறைய மூன்று வாரங்கள் ஆகும். அதன் எச்சிலும் எச்சமும் நாயின் உடம்புக்கு ஒவ்வாமல் போவதால்தான் அந்த அரிப்பு. நான் கொடுத்த வெள்ளை மாத்திரை ஸ்டீராய்டு என்று மருத்துவர் விளக்கினார். அது பூச்சியை ஒன்றும் செய்யாது. பூச்சியை எதிர்த்துக் கூச்சலிடும் உடம்பின் வாயைத்தான் பொத்தும். அரிப்பு அடங்கிய நாட்களில் பூச்சிகள் தடையின்றிப் பெருகியிருக்கின்றன. மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத அந்த மாத்திரையை நாய்க்கு என்றால் எளிதாகக் கொடுத்துவிடுகிறார்கள். என்னைப் போன்றவர்களும் கேள்வி கேட்காமல் வாங்கி வந்துவிடுகிறோம்.

மலையில் வாழ்கிறவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நாயின் உடம்பை விட்டு உதிர்ந்த இந்தப் பூச்சி, சமவெளியின் வெப்பத்திலும் வறட்சியிலும் சில நாட்களுக்கு மேல் தாங்காது. ஆனால் 10 முதல் 15 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையும் ஈரப்பதமும் சேர்ந்த இடத்தில் மூன்று வாரம் வரைகூட அதனால் உயிரோடு இருக்க முடியும். சாரல் மாதங்களில் நம் வீட்டுத் திண்ணையும் விறகுக் கொட்டகையும் ஏறக்குறைய அந்த நிலையில்தான் இருக்கின்றன. சமவெளியில் எழுதப்பட்ட குறிப்புகளைப் படித்து நாய்க்கு மட்டும் மருந்து கொடுத்துவிட்டு, அது படுத்த சாக்கை அப்படியே விட்டுவைத்தால், குணமாகும் நாய்க்கு அதன் படுக்கையே மறுபடி நோயைக் கொடுக்கும். செவலையின் சாக்குகளை எரித்துவிட்டோம். கம்பளித் துண்டைக் கொதிநீரில் போட்டு எடுத்தோம். கழுத்துப் பட்டையையும் கயிற்றையும் மாற்றினோம். பலகையை வெந்நீர் ஊற்றித் தேய்த்து, வெயில் வந்த நாளெல்லாம் வெளியே சாய்த்து வைத்தோம். வாரம் ஒருமுறை இதைத் திரும்பச் செய்தோம். வீட்டில் இருந்த இன்னொரு நாய் ஒருமுறைகூடச் சொறியவில்லை என்றாலும் அதற்கும் சேர்த்தே மருந்து கொடுக்கப்பட்டது. இந்தச் சொறி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மிக எளிதாகப் பரவும் என்பதால், வீட்டிலுள்ள எல்லா நாய்க்கும் ஒரே நாளில் மருந்து தொடங்காவிட்டால் பயனில்லை.

அடுத்ததாக நான் சொல்ல விரும்புவது, சொறி என்ற ஒரே சொல்லால் நாம் எத்தனை வேறுபட்ட நோய்களை மூடி வைத்திருக்கிறோம் என்பது. சொறிநாய் என்பது நம் வழக்கில் வசைச்சொல்லாகவே ஆகிவிட்டது. அந்தச் சொல்லைக் கேட்டதும் விலகிப் போகத் தோன்றுகிறதே தவிர, என்ன சொறி என்று கேட்கத் தோன்றுவதில்லை. எங்கள் பக்கத்து வீட்டில் நான்கு மாதக் குட்டி ஒன்றுக்குக் கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் முன்னங்கால்களிலும் மயிர் உதிர்ந்து, பார்க்கச் செவலையைவிட மோசமாக இருந்தது. குழந்தைகளுக்கு ஒட்டிவிடும் என்று பயந்து அதைக் காட்டோரத்தில் விட்டுவிடத் தீர்மானித்திருந்தார்கள். ஆனால் அந்தக் குட்டி சொறியவே இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. தோலைக் கிள்ளிப் பிழிந்து ஆழமாகச் சுரண்டிப் பார்த்தபோது, சுருட்டுப்போல் நீண்ட உடம்புடைய டெமோடெக்ஸ் என்ற வேறொரு சிற்றுண்ணி தெரிந்தது. இது மயிர்க்கால்களுக்குள் வாழ்வது. பிறந்த முதல் சில நாட்களில் தாயிடம் பால் குடிக்கும்போது குட்டிக்கு வந்து சேர்வது. நோயே இல்லாத நாய்களின் தோலிலும் சிறிய எண்ணிக்கையில் இருப்பது. எதிர்ப்பாற்றல் முதிராத குட்டிகளில் அது அளவுக்கு மீறிப் பெருகும்போதுதான் மயிர் உதிர்கிறது. மனிதருக்கு ஒட்டாது, வளர்ந்த மற்ற நாய்களுக்கும் தொற்றாது. ஓரிரு இடங்களில் மட்டும் இருந்தால் பெரும்பாலான குட்டிகளில் வயது ஏற ஏறத் தானே மறைந்துவிடும். ஆனால் இந்தக் குட்டிக்கு யாராவது ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால், ஓரிரு வட்டமாக இருந்தது உடம்பு முழுவதும் படர்ந்து, சீழ் பிடித்து, உயிருக்கே ஆபத்தாகியிருக்கும். குட்டிப் பருவம் கடந்த நாய்க்கு முதன்முறையாக இது வந்தால், உள்ளே வேறு நோய் இருக்கிறதா என்று தேட வேண்டும். உடம்பு முழுவதும் படர்ந்து குணமான நாயை இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது. அந்தப் பலவீனம் குட்டிகளுக்கும் போகும். அந்தக் குட்டி இப்போது வளர்ந்து, அந்த வீட்டுப் பிள்ளைகள் பள்ளிப் பேருந்தில் ஏறும் வரை தினமும் கூடவே போய் நிற்கிறது.

சுரண்டிப் பார்ப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. டெமோடெக்ஸ் இருந்தால் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். சார்க்கோப்டிஸ் அப்படி அல்ல; சொறி உறுதியாக உள்ள நாய்களிலேயே பாதியிலாவது அது கண்ணில் படாமல் போகும், ஏனென்றால் சில பத்துப் பூச்சிகளே நாயின் உடம்பு முழுவதையும் சொறிய வைக்கப் போதும். ஆகவே ஒரு முறை சுரண்டியதில் ஒன்றும் இல்லை என்றால் நோய் இல்லை என்று பொருளாகாது. காது விளிம்பு, முழங்கை, கணுக்கால், வீட்டில் மனிதருக்கும் அரிப்பு ஆகிய அடையாளங்கள் சேர்ந்து இருந்தால், மருத்துவர் சந்தேகத்தின் பேரிலேயே மருந்து தொடங்குவார். அது அலட்சியம் அல்ல, முறையான வைத்தியமே.

சிற்றுண்ணியே இல்லாத அரிப்பும் உண்டு. தெள்ளுப்பூச்சி கடித்த ஒவ்வாமை பெரும்பாலும் வாலடியிலும் இடுப்பிலும் தெரியும். நாயின் மேல் காணும் தெள்ளு மொத்தத்தில் சிறு பங்குதான், மீதி முட்டையாகவும் புழுவாகவும் கூடாகவும் தரை இடுக்குகளில் இருக்கும் என்பதால் வீட்டைக் கூட்டிப் பெருக்குவதும் வைத்தியத்தில் சேர்த்தி. வட்ட வட்டமாக மயிர் கொட்டினால் அது படர்தாமரையாக இருக்கலாம். அது மனிதருக்கும் ஒட்டும். மழைக்காலத்தில் தொங்கு காது நாய்களின் காதிலிருந்தும் விரலிடுக்கிலிருந்தும் புளித்த வாடை வீசி, தோல் எண்ணெய்ப் பசையாகக் கறுத்தால் பெரும்பாலும் ஈஸ்ட் என்னும் பூஞ்சை. இதற்கு மருத்துவர் தரும் மருந்து ஷாம்பூவைப் பூசிப் பத்து நிமிடம் ஊறவிட்ட பிறகே கழுவ வேண்டும். பூசியவுடன் கழுவிவிட்டு ஷாம்பூ பயனில்லை என்று சொல்பவர்கள் பலர். நாம் குளிக்கும் சோப்பு வேண்டாம். நம் தோல் சற்று அமிலத்தன்மை உடையது, நாயின் தோல் ஏறக்குறைய நடுநிலையானது.

மருந்துகளைப் பற்றிச் சிறிது விரிவாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எங்கள் மாவட்டத்தில் ஆபத்து அங்கேதான் அதிகம். தேயிலை வைத்திருப்பவர்கள் அனைவருக்கும் செஞ்சிலந்தியைத் தெரியும். கோடையில் இலையைச் செம்பு நிறமாக்கும் அந்தப் பூச்சியும் நாயின் சொறிப்பூச்சியும் சிற்றுண்ணி வகையைச் சேர்ந்தவைதான். அதனால், செடியில் உள்ள சிலந்தியைக் கொல்லும் மருந்து நாயின் மேல் உள்ளதையும் கொல்லும்தானே என்று, தெளித்து மிச்சமான மருந்தையும் காரட், உருளைக்கிழங்குத் தோட்டத்துக்கு வாங்கிய பூச்சிக்கொல்லியையும் வாளியில் கலந்து நாயைக் குளிப்பாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். காய்கறித் தோட்ட மருந்துகளில் பல நரம்பைத் தாக்குபவை. புண்ணான தோல் வழியாக உள்ளே போனதும் எச்சில் ஒழுகும், கண்மணி சுருங்கும், உடம்பு துடிக்கும், மூச்சுத் திணறும். சில மணி நேரத்தில் நாய் இறந்துவிடும். அப்படி ஓர் இறப்பை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டுக்காரர் தன் நாயை மிகவும் நேசித்தவர். குளிப்பாட்டிய கையோடு அதற்குச் சோறு பிசைந்து வைத்திருந்தார். இந்த அறிகுறிகளைக் கண்டால், கையுறை அணிந்து உடனே நிறைய நீரால் கழுவி, மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். டப்பாவில் உள்ள பெயரைப் பார்த்தால்தான் அவரால் சரியான மாற்று மருந்தைக் கொடுக்க முடியும்.

கால்நடைக்கென்றே விற்கும் அமிட்ராஸ் என்ற மருந்தும் நீரில் கலந்து ஊற்றுவதுதான். முறையாகப் பயன்படுத்தினால் நல்ல மருந்து. ஆனால் அது நாயைத் தூங்க வைக்கும், நாடித்துடிப்பைக் குறைக்கும், உடல் வெப்பத்தை இறக்கும். ஏற்கெனவே குளிரும் மலையில், மாலை வேளையில், நனைந்த நாய்க்கு அதை ஊற்றிவிட்டு வெளியே கட்டினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். சின்னக் குட்டிகளுக்கும் சர்க்கரை நோய் உள்ள நாய்களுக்கும் அது கூடாது. ஊற்றுகிற நாளில் வெயில் வேண்டும், ஊற்றுகிறவர் கையில் உறை வேண்டும், அளவை மருத்துவர் சொல்ல வேண்டும்.

ஐவர்மெக்டின் ஊசிதான் இன்று எல்லோர் வாயிலும் இருக்கும் பெயர். ஜப்பான் மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து பிறந்த மருந்துத் தொடரைச் சேர்ந்தது. அதற்காகவே சத்தோஷி ஓமுராவும் வில்லியம் கேம்பலும் 2015இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். மாட்டுக்கான ஊசிக் குப்பியில் 1 மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. 10 கிலோ எடையுள்ள நாய்க்குச் சொறிக்காகத் தேவைப்படுவது அதில் அரை மில்லிலிட்டருக்கும் குறைவு. மாட்டுக்குப் போடும் கையால் கண்ணளவில் நாய்க்குப் போட்டால் எத்தனை மடங்கு கூடிவிடும் என்பதை இதிலிருந்தே கணக்கிட்டுக்கொள்ளலாம். கோலி போன்ற மேய்ப்பு நாய் இனங்களில், மருந்து மூளைக்குள் புகாமல் தடுக்கும் காவலே பிறவியில் பழுதாகியிருப்பதுண்டு; அவற்றுக்கு இந்த அளவே நஞ்சாகித் தள்ளாட்டம், பார்வை இழப்பு, மயக்கம் என்று போய்விடும். உதகை, குன்னூர் பக்கத்தில் தெருவில் திரியும் நாயின் ரத்தத்திலும் எந்தச் சீமை இனம் எத்தனை தலைமுறைக்கு முன் கலந்தது என்று யாருக்கும் தெரியாது.

செவலைக்கு அந்த ஊசி போடவில்லை. மருத்துவர் அஃபாக்சோலனர் என்ற மென்று தின்னும் மாத்திரையை மாதம் ஒன்றாகக் கொடுத்தார். ஃப்ளூராலனர் என்று இதே வகையில் மூன்று மாதம் வரை வேலை செய்யும் மாத்திரையும் உண்டு. இவ்வகை மருந்துகள் சொறிப்பூச்சி, டெமோடெக்ஸ், உண்ணி, தெள்ளு ஆகிய எல்லாவற்றுக்கும் ஒருங்கே பயன்படுகின்றன; வலிப்பு வந்த வரலாறு உள்ள நாய்க்கு மட்டும் கொடுக்கும் முன் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். மருந்து தொடங்கிய முதல் வாரத்தில் அரிப்பு குறையவே இல்லை, ஒரு நாள் கூடுதலாகவும் இருந்தது. செத்த பூச்சிகளும் தோலுக்குள்தானே கிடக்கின்றன என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்ததால் பொறுத்துக்கொண்டோம். இரண்டாவது வார முடிவில் ஓர் இரவு பலகைச் சத்தம் கேட்கவில்லை. என்ன ஆயிற்றோ என்று விளக்கைப் போட்டு எழுந்து பார்த்தேன். மூக்கை வாலுக்குள் நுழைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. ஆறு வாரத்தில் மயிர் முளைத்தது.

விலைதான் இங்கே தடை. அந்த மாத்திரை ஒன்றின் விலை, இலை பறிக்கப் போகும் ஒரு பெண்ணின் பல நாள் கூலி. அவரிடம் பழைய ஆயில் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது நேர்மை ஆகாது. இந்த இடத்தில் பாட்டி வைத்தியத்துக்கு உரிய மதிப்பையும் கொடுக்க வேண்டும். கந்தகத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசும் பழைய வழக்கத்தில் உண்மை இருக்கிறது. கந்தகம் சிற்றுண்ணியைக் கொல்லும், மனிதச் சிரங்குக்கும் நெடுங்காலம் கந்தகக் களிம்புதான் மருந்து, கந்தகமும் சுண்ணாம்பும் சேர்ந்த கரைசலை இன்றும் கால்நடை மருத்துவர்கள் குட்டிகளுக்குக்கூடப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அளவு தெரிந்து, நக்காமல் கழுத்தில் கூம்பு கட்டி, வாரக்கணக்கில் தொடர வேண்டிய வைத்தியம் அது. வேப்பெண்ணெயும் மஞ்சளும் எரிச்சலைச் சற்றுத் தணிக்கலாம். அவற்றை மட்டும் நம்பி மாதங்களைக் கடத்தக் கூடாது.

பேரனின் கையில் வந்த புள்ளிகள், நாய்க்கு வைத்தியம் தொடங்கிய மூன்று வாரத்துக்குள் மறைந்தன. நாயின் பூச்சி மனிதத் தோலில் கடிக்குமே தவிர, அங்கே குடும்பம் நடத்திப் பெருகாது. விரலிடுக்குகளில் அரிப்பு வந்து, வீட்டில் ஒருவர் பின் ஒருவராகத் தொடர்ந்தால் அது மனிதருக்கே உரிய சிரங்காக இருக்கலாம். அதற்கு நாயைக் குற்றம் சொல்லாமல் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். எந்த நிலையிலும் நாயின் மருந்தைக் குழந்தைக்குப் பூசக் கூடாது.

நாயைக் கொண்டுபோய் விட்டுவிடுவது பற்றியும் சொல்லியாக வேண்டும். பட்டினிக்கும் தாகத்துக்கும் ஆளாகும்படி விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். மலையில் அதற்கு மேலும் ஒரு விளைவு உண்டு. தேயிலைக் காட்டோரத்தில் விடப்பட்ட நோயாளி நாய், பசிக்காக லயன் வீடுகளையும் ஹட்டிகள் எனப்படும் படுகர் ஊர்களையும் சுற்றும். ஓடத் தெம்பில்லாத அந்த நாயைத் தேடிச் சிறுத்தை வரும். சிறுத்தை வந்த வாசலில்தான் மறுநாள் காலை நம் பிள்ளைகள் நிற்கிறார்கள். அந்தச் சொறி நரிக்கும் செந்நாய்க்கும் தொற்றக்கூடியது. அவற்றை யார் பிடித்து மருந்து கொடுப்பது?

குன்னூரில் 1907இல் தொடங்கப்பட்ட பாஸ்டர் நிலையம் உள்ள மாவட்டம் இது. வெறிநாய்க்கடி என்றால் உடனே தடுப்பூசிக்கு ஓட வேண்டும் என்று இங்கே தோட்டத்துக் கிழவிக்கும் தெரியும். அந்த அறிவு தானாக வந்துவிடவில்லை, பல பத்தாண்டுகள் சொல்லிச் சொல்லி வந்தது. தோல் நோய்க்கும் அப்படிச் சொல்ல ஆள் வேண்டும். கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி முகாம் நடத்தும்போது, அதே மேசையில் ஒரு நுண்ணோக்கியையும் ஒரு பிளேடையும் வைத்து, சொறியும் நாய்களுக்குத் தோல் சுரண்டல் பரிசோதனையும் செய்தால் செலவு அதிகம் ஆகாது. சிற்றூர்களில் உள்ள கால்நடை மருந்தகங்கள் அனைத்திலும் விலை குறைந்த சொறி மருந்து ஒன்றாவது மழைக்காலம் தொடங்கும் முன் இருப்பில் இருக்க வேண்டும். 1962 என்ற எண்ணில் அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும் என்பதுகூட எங்கள் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளின் இலை எடை போடும் இடத்தில் அதை எழுதி ஒட்டினால் எல்லோர் கண்ணிலும் படும்.

தங்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். பழைய ஆயில் பூசச் சொன்ன குறிப்பு வெளிவந்த அதே பகுதியில், அதே அளவு எழுத்தில், அது தவறு என்றும், பூசியவர்கள் நாயை உடனே கழுவ வேண்டும் என்றும் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். அந்தக் குறிப்பை வெட்டி எடுத்து அடுப்படிச் சுவரில் ஒட்டி வைத்திருந்த ஒரு வீட்டை நான் அறிவேன். திருத்தம் வந்ததும் அதன் மேல் ஒட்டுவதற்கு நானே எடுத்துச் செல்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
ஓய்வு பெற்ற உயிரியல் ஆசிரியை,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.